பொட்டலம் போதும், பக்கத்தில் வந்து நில்!

தன்னம்பிக்கை வகுப்புக்குப் போயிருக்கிறாய். கண்ணாடி முன்னால் நின்று ‘என்னால் முடியும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறாய். மேடையேறித் தடுமாறாமல் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறாய். நல்லது. இப்போது ஒரு சின்னச் சோதனை. இன்று இரவு பதினொரு மணிக்குச் சென்னை பாரிமுனைக்கு வா. என்.எஸ்.சி. போஸ் சாலையில் கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகு, படிக்கட்டிலும் நடைபாதையிலும் பாய் விரிப்பவர்களைப் பார். அவர்களில் ஒருவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தை நேராகப் பார்த்து, ‘உங்க பேரு என்னம்மா?’ என்று கேள்.

கேட்க முடியவில்லை, இல்லையா? மைக் பிடித்தபோது வராத நடுக்கம் இங்கே வருகிறது. பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்து நீட்டிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று கை பரபரக்கிறது. அந்த இருபது ரூபாய் அவருக்காக நீட்டியதா? உன் கூச்சத்துக்கு நீயே கொடுத்துக்கொள்ளும் லஞ்சம் அது!

வீடில்லாதவர்களுக்கு எப்படி உதவலாம் என்று கேட்கும் இளைஞர்கள் எல்லாருமே ‘என்ன கொடுக்கலாம்?’ என்றுதான் கேட்கிறார்கள். சோறா, போர்வையா, பழைய துணியா? நான் சொல்கிறேன், கொடுப்பதற்கு இந்த ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. கூட வருவதற்குத்தான் ஆளில்லை. தாலுகா அலுவலகத்துக்கு, இ-சேவை மையத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு, ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசைக்குக் கூட வர வேண்டும். ‘இவங்க என்னோட வந்திருக்காங்க சார், என்ன பேப்பர் வேணும்னு சொல்லுங்க’ என்று குரல் தாழாமல் சொல்ல வேண்டும். தன்னம்பிக்கை உனக்கு இருக்கிறதா என்பதை அந்த ஒரு வாக்கியம் சோதித்துவிடும். உனக்காக வாதாட எவனாலும் முடியும். அழுக்குச் சேலையில் இருக்கும் ஒரு பாட்டிக்காக, பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்க முணுமுணுக்க, நின்ற இடத்தை விட்டு நகராமல் வாதாடிப் பார். அப்போது தெரியும் நீ யார் என்று.

முதலில் இவர்கள் யார் என்று தெரிந்துகொள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றவர்களை ஒரே இரவில் எண்ணுகிறது. 2011-இல் பிப்ரவரி 28 இரவு எண்ணினார்கள். நடைபாதை, மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, பெரிய குழாய்களின் உள்ளே, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று தேடித் தேடி எண்ணியதில், நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் நகரங்களில். ஒரே இரவில் அலையும் மனிதர்களை எண்ணி முடிக்க முடியுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இருந்தாலும் அரசு ஒப்புக்கொண்ட கணக்கே இவ்வளவு.

வடசென்னைக்கு வந்தால் இன்னொன்றைப் பார்ப்பாய். வால்டாக்ஸ் ரோட்டிலும் பூக்கடைச் சுற்றுவட்டாரத்திலும் பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் பலர் ஊர் பேர் தெரியாத நாடோடிகள் இல்லை. தலைமுறை தலைமுறையாக அதே பிளாட்பாரத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். பாட்டி அங்கே பிறந்தாள், மகள் அங்கே பிறந்தாள், பேத்தி அங்கேயே வயதுக்கு வந்தாள். உன் அப்பா சென்னைக்கு வேலை தேடி வருவதற்கு முன்பே இவர்கள் சென்னைக்காரர்கள்!

வேலையா? ‘உழைக்காமல் உட்கார்ந்து தின்கிறார்கள்’ என்று ஏ.சி. அறையிலிருந்து சொல்கிறவனை விடியற்காலை அங்கே கொண்டுவந்து நிறுத்து. நீ அலாரத்தைத் தட்டி அணைத்துவிட்டுப் புரண்டு படுக்கும் நேரத்தில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி கிளம்பிவிடும். மூட்டை தூக்குபவர், பூ கட்டுபவர், ஓட்டல்களுக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பவர், குப்பையில் பிளாஸ்டிக்கைப் பிரிப்பவர். முகூர்த்த நாளில் உனக்கு இலை போட்டு, நீ எழுந்ததும் அந்த இலையை எடுத்து, மண்டபத்தின் பின்கட்டில் அண்டா தேய்த்துவிட்டு, நடுராத்திரியில் பிளாட்பாரத்துக்கு வந்து படுப்பவர்கள் இருக்கிறார்கள். அன்று நீ அவர்கள் கையால் சாப்பிட்டாய். முகம் ஞாபகம் இருக்கிறதா?

பிறகு ஏன் வீடில்லை? மாத வாடகையை மட்டும் கேட்டால் இவர்களில் பலர் எப்படியாவது புரட்டிவிடுவார்கள். இடிக்கிற இடம் அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது ஊரறிந்த வழக்கம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தாலன்றி’ என்று ஒரு சந்தும் திறந்து வைத்திருக்கிறது. அந்தச் சந்தில்தான் மொத்தச் சென்னையும் குடியிருக்கிறது! தினக்கூலிக்காரர் ஒரே தவணையில் அத்தனை பணத்துக்கு எங்கே போவார்? பணம் இருந்தாலும் வீட்டுக்காரர் ‘இப்ப எங்க இருக்கீங்க?’ என்பார். பிளாட்பாரம் என்றால் கதவு சாத்தப்படும். சாதியைக் கேட்டுச் சாத்துகிறவர்களும் உண்டு. இங்கேதான் உனக்கு வேலை இருக்கிறது. உன் அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஆண்டுவிழாவுக்கு டீ-ஷர்ட் அடிக்கிற காசில், ஒரு குடும்பத்தின் அட்வான்ஸில் ஒரு பங்கு வந்துவிடும். மீதியைக் கடனாகக் கொடு. மாதாமாதம் திருப்பித் தரட்டும், அடுத்த குடும்பத்துக்குப் போகட்டும். பணத்தைவிட முக்கியம், வீட்டுக்காரர் முன்னால் நீ போய் நின்று ‘நான் பொறுப்பு சார்’ என்று சொல்வது. சொல்லத் தைரியம் இருக்கிறதா?

சோற்றுக்கு வருகிறேன். சோறு போடுவதைக் குறை சொல்ல நான் யார்? வள்ளலார் வளர்ந்த ஏழுகிணறு இந்தப் பிளாட்பாரங்களிலிருந்து கூப்பிடு தூரம். 1867-இல் அவர் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே தினமும் எரிகிறது அடுப்பு. நம் அடுப்பு பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் மட்டும் எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்ட்ரல் பக்கம் போய்ப் பார். ஒரு கார் வந்து பிரியாணி தருகிறது, பின்னாலேயே இன்னொரு கார் தக்காளி சாதம் தருகிறது, மூன்றாவது காரைக் கண்டதும் ‘வேணாம்பா’ என்கிறார்கள், கொண்டுவந்தவருக்குக் கோபம் வருகிறது! செவ்வாய்க்கிழமை ராத்திரி அதே இடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பசி உன் காலண்டரைப் பார்த்து வருவதில்லையே, தம்பி.

அதிலும் பொட்டலத்தை அவர் கையில் பாதி, உன் கையில் பாதியாகப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறாயே, அதை இன்றோடு விடு. அந்தப் படத்தில் இருப்பவளின் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவள் வகுப்பில் யாராவது ஒருவரின் போனில் அந்தப் படம் போய்ச் சேரும்.

2013-இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகத்தைத் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். காசு கொடுத்து, தட்டை வாங்கி, நின்று சாப்பிட்டுவிட்டுப் போகலாம். யாருக்கும் கும்பிடு போட வேண்டாம். அந்த மரியாதைக்காகவே எனக்கு அந்தத் திட்டத்தைப் பிடிக்கும். உன் தெரு உணவகத்தில் இட்லி சீக்கிரம் தீர்ந்துபோகிறதா, சுவர் இடிந்து கிடக்கிறதா? மாநகராட்சியின் 1913-க்குப் போன் போடு. புகார் எண்ணைக் குறித்துக்கொள். மறுபடியும் போடு.

சரி, வயிறார பிரியாணி கொடுத்துவிட்டாய். அதற்குப் பிறகு? பிளாட்பாரத்துப் பெண்கள் பலர் இருட்டிய பிறகு தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கிறார்கள். பல இடங்களில் பொதுக் கழிப்பறை இரவில் பூட்டிக் கிடக்கிறது. வயதுக்கு வந்த மகளை இருட்டில் எங்கே அழைத்துப் போவது? அம்மாக்கள் முறை வைத்து விழித்திருக்கிறார்கள். உன் வார்டில் ஒரே ஒரு கழிப்பறையை இரவு முழுக்கத் திறந்து வைத்து, ஒரு விளக்கையும் எரிய வைத்துவிட்டால், அது ஆயிரம் பொட்டலத்தைவிடப் பெரிய உதவி. அதற்கு உனக்கு ஒரு காசு செலவில்லை. கவுன்சிலர் அலுவலகத்துக்கு நாலு நடை. அவ்வளவுதான். அந்த நாலு நடைக்குத்தான் உடம்பு வணங்க மாட்டேன் என்கிறது!

பொருளாகத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாயா? கேட்டுவிட்டுக் கொடு. டிசம்பர் வந்தால் லாரி லாரியாகப் போர்வை வருகிறது. சென்னையில் குளிரால் விறைத்தவன் எவன்? இங்கே கொல்வது கொசுவும் ஐப்பசி மழையும். தார்ப்பாய் கொடு, கொசுவலை கொடு, நாப்கின் கொடு, புது உள்ளாடை கொடு, சோப்பும் செருப்பும் டார்ச்சும் கொடு. பழைய துணி மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டாதே. நீ கழித்ததை வைத்துக்கொள்ள அவர்களிடம் பீரோ இல்லை.

இப்போது கட்டுரையின் நடுவுக்கு வந்துவிட்டோம். காகிதம்! பூக்கடைப் பக்கம் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். மூட்டையை அவிழ்த்து, சேலைக்குள் சுற்றிய பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் ஒரு ஸ்வீட் கடைக் கவர் என்று உரித்து உரித்து எடுத்தார். ஆதார் ஜெராக்ஸ், மகளின் பிறப்புச் சான்று, ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செல்லோடேப் போட்டு ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போயிருந்தது. ‘போன தபா யாரோ பெரிய ஆளு வராருன்னு லாரி எடுத்தாந்து சாமானையெல்லாம் அள்ளிப்போட்டு எடுத்துனு பூட்டாங்க தம்பி. சட்டி பானை போவுது, வாங்கிக்கலாம். இந்தக் கவரை மட்டும் லாரி பின்னாடியே ஓடிப் புடுங்கினு வந்தேன்’ என்றார். முதியோர் பென்ஷன் கேட்கப் போனால் முகவரியில் நின்றுவிடுகிறதாம். ‘அட்ரஸ் இன்னானு கேக்கறாங்க. இந்த மரத்தாண்டன்னு சொன்னா சிரிக்கறாங்க.’

சிரிக்கட்டும். சிரிக்கிறவருக்குச் சட்டம் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6. வீடில்லாதவர் அதில் தான் படுத்துத் தூங்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். தேர்தல் ஆணையத்தின் விதி என்ன சொல்கிறது தெரியுமா? வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்குப் போய், இந்த மனிதர் உண்மையிலேயே இங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு இரவு போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட இரவு போக வேண்டும். பார்த்து உறுதி செய்துவிட்டால் இருப்பிடத்துக்கு வேறு ஆவணம் எதுவும் தேவையில்லை! படித்துப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. இந்த நாட்டின் அரசு, ஒரு மனிதன் தூங்குவதைச் சாட்சியாக ஏற்றுக்கொள்கிறது. அந்த மரத்தடி முகவரிதான். அந்த அம்மா சொன்னது சரி, சிரித்தவர்தான் தப்பு.

ஆதாரில் முகவரிக்கு வழியில்லையா? ஆதார் ஆணையத்தின் படிவத்தில் எம்.எல்.ஏ.வோ கவுன்சிலரோ சான்று கொடுத்தால் செல்லும். காப்பகத்தில் இருப்பவருக்குக் காப்பகப் பொறுப்பாளரின் சான்று செல்லும். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு, 200 கவுன்சிலர். உன் வார்டு கவுன்சிலர் யார்? பெயர் தெரியவில்லை, அப்படித்தானே! ஐ.பி.எல். அணியில் மாற்று ஆட்டக்காரர் யார் என்பதுவரை தெரிந்த உனக்கு, ஒரு கையெழுத்தால் ஒரு குடும்பத்தைக் காகிதத்துக்குள் கொண்டுவரக் கூடியவரின் பெயர் தெரியவில்லை.

ஆதார் வந்தால் வங்கிக் கணக்கு வரும். அறுபது வயது தாண்டிய ஆதரவற்றவர் என்றால் இ-சேவையில் முதியோர் உதவித்தொகைக்கு எழுதலாம். 2023-இல் அதை ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். உனக்கு அது ஒரு சாயங்காலச் செலவு. பிளாட்பாரத்துப் பாட்டிக்கு அது மருமகளிடம் கையேந்தாத மாதம். பிள்ளைகள் வசதியாக இருந்தும் தெருவில் விட்டுவிட்டார்களா? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் அளவில் தீர்ப்பாயம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. முதியோர் உதவி எண் 14567. போய் நிற்கலாமா வேண்டாமா என்பதை அந்தப் பெரியவரே முடிவு செய்யட்டும். பல பேர் ‘எம் புள்ளைய மாட்டிவிட மாட்டேன்’ என்பார்கள். அவர்களை வற்புறுத்தாதே. அது அவர்களுடைய வைராக்கியம், அதற்கும் மரியாதை உண்டு.

உடனே உன் பழைய கேள்வி எட்டிப் பார்க்கும். ‘இதையெல்லாம் நான் ஒருத்தன் போய்க் கேட்டால் நடந்துவிடுமா?’

பம்பாய் நடைபாதைக்காரர்கள் இப்படி யோசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1981-இல் மகாராஷ்டிர அரசு நடைபாதைவாசிகளைப் பிய்த்தெறிந்து, சொந்த ஊருக்கு அனுப்பப் புறப்பட்டது. அவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலை போய் 1961-இல் பம்பாய்க்குப் போனவர். கித்தானும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய குடிசைக்கே அடியாளிடம் 2,500 ரூபாய் கொடுத்துத்தான் மனைவி, மூன்று மகள்களுடன் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒண்டியிருந்தார். அவரும் இன்னொரு நடைபாதைவாசியும் சிவில் உரிமைக்காரர்களும் உச்சநீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கூடவே ஒரு பத்திரிகையாளர் தன் பெயரில் மனுப் போட்டார், ஓல்கா டெல்லிஸ். 1985-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: பிழைப்பு இல்லாமல் உயிர் வாழ்தல் இல்லை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் பிழைப்புரிமையும் அடக்கம். நடைபாதையைக் காலி செய்யவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிடவில்லை. அந்த விஷயத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்ச அவகாசம்தான். ஆனால் அந்த ஒரு வாசகம் இன்றும் நாடு முழுக்க நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பத்திரிகைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்று அந்த வழக்கை அவர் பெயரிலேயே படிக்கிறார்கள். நின்றால் இப்படி நிற்க வேண்டும்!

1993-இல் இதே சென்னையில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும், தெருவில் மனம் பேதலித்துத் தவித்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். சேர்த்துக்கொள்ள இடமில்லை என்று ஒவ்வொரு இடத்திலும் கைவிரித்தார்கள். நீயும் நானும் என்றால் ‘நம்மால் ஆனதைப் பார்த்தோம்’ என்று வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்போம். அவர்கள் ‘இடமில்லை என்றால் நாமே ஒரு இடம் வைப்போம்’ என்று ‘பான்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். சொத்து, பதவி, பெரிய இடத்துச் சிபாரிசு என்று காத்திருக்கவில்லை. அப்போது அவர்களுக்கு உன் வயது.

நீ அமைப்பெல்லாம் தொடங்க வேண்டாம். ஒரு போன் போடு. கிழிந்த துணியோடு, தனக்குத் தானே பேசிக்கொண்டு, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஒருவர் அலைந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு போலீஸ் மீது கடமையைச் சுமத்துகிறது. அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சென்னைக் காவல்துறையே 2021-இல் இதற்கென்று ‘காவல் கரங்கள்’ என்ற பிரிவைத் தொடங்கியது. ஆகவே போலீஸ் எண் 100-ஐ அழைக்கும்போது ‘சார், கொஞ்சம் தயவு பண்ணுங்க’ என்று குழையாதே. ‘பிரிவு 100-இன்படி’ என்று ஆரம்பித்துப் பார், எதிர்முனையில் குரலே மாறும். ஆள் போய்ச் சேரும்வரை அங்கேயே நில். புண்ணில் புழு வைத்திருக்கிறது, மூச்சு இழுக்கிறது என்றால் யோசிக்காதே, 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

குழந்தைகள் விஷயத்தில் நாம் செய்கிற பெரிய அநியாயம், சிக்னலில் பேனா விற்கும் பையனிடம் பேனா வாங்கிவிட்டுப் புண்ணியம் சேர்ந்ததாக நினைப்பது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் குழந்தையைத் திருப்பி அனுப்ப முடியாது. அம்மாவிடம் பேசி, சம்மதம் வாங்கி, பிள்ளையோடு தலைமையாசிரியர் அறைக்குள் போ. தனியாகத் தவிக்கிற குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. சேர்த்துவிட்டு மறந்துவிடாதே; பிளாட்பாரத்துப் பிள்ளை பள்ளியை விடுவது சேர்ந்த அன்று இல்லை, வீட்டுப்பாடம் எழுத வெளிச்சம் இல்லாத நாலாவது மாதம்.

இந்தப் பிள்ளைகளால் என்ன ஆகும் என்கிறாயா? தண்டையார்பேட்டைப் பக்கம் ‘கருணாலயா’ என்ற அமைப்பு 1995 முதல் தெருக் குழந்தைகளோடு வேலை செய்கிறது. 2019 மே மாதம் லண்டனில் தெருக் குழந்தைகளுக்கான முதல் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்தது. ஆண், பெண் இரு பாலரும் கலந்த அணிகள். அதில் ஆடிய தென்னிந்திய அணியில் கருணாலயா அனுப்பிய சென்னைப் பிள்ளைகள் இருந்தார்கள். இறுதிப் போட்டியில் எதிரணி இங்கிலாந்து. மைதானம் லார்ட்ஸ்! கபில்தேவ் 1983-இல் கோப்பை தூக்கிய அதே லார்ட்ஸ். கோப்பையை வென்றது நம் பிள்ளைகள். மாதக் கட்டணம் கட்டிக் கோச்சிங் சேர்த்து, புது பேட், புது ஷூ, மூட்டுக்கு உறை என்று வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் நம் அபார்ட்மெண்டில் எத்தனை பேர்? லார்ட்ஸின் புல்லை மிதித்தது எந்தப் பிள்ளை?

காப்பகங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு அங்கே தப்புச் செய்கிறவர்கள் அதிகம். உச்சநீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது: ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், வருடம் 365 நாளும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதியோ ஆளுக்கு ஐம்பது சதுர அடி இடம் கேட்டது. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்கிலேயே 60 லட்சத்துக்கு மேல் மக்கள். அறுபது காப்பகத்துக்குக் குறையக் கூடாது என்பது சின்னக் கணக்கு. உன் மண்டலத்தில் எத்தனை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் படுக்கிறார்கள், பெண்களுக்கு எத்தனை? பத்து ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வந்ததும் ஃபேஸ்புக்கில் போட்டு லைக் வாங்காதே, கவுன்சிலர் மேசையில் கொண்டுபோய் வை.

ஆனால் எவரையும் கையைப் பிடித்து இழுத்துக் காப்பகத்தில் தள்ளாதே. பெரும்பாலான காப்பகங்கள் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, முதியவருக்குத் தனி. கணவன், மனைவி, பிள்ளை என்று இருக்கும் குடும்பம் பிரிந்து எங்கே படுக்கும்? மீன்பாடி வண்டியை எங்கே விடுவது? விடியற்காலை வேலைக்குப் போகிறவர் எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் ஏன் தூங்க வேண்டும்? நகரத்தின் ஓரத்தில் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் வீடு கிடைத்துப் போனவர்களில் சிலர், பாரிமுனையில் இருந்த பிழைப்பு இருபது கிலோமீட்டருக்கு மேல் தூரமாகிவிட்டதால் திரும்பி வந்துவிட்டார்கள். ‘வீடு குடுத்தும் திரும்பி வர்றானே’ என்று நாம் ஏளனம் செய்கிறோம். பஸ் காசைக் கணக்குப் போட்டுப் பார்த்தவன் அவன், நாம் போடவில்லை. தனியாக இருக்கும் பெரியவர், ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ ஜி.எச்.சிலோ நோயாளியோடு வந்து வராண்டாவில் கிடக்கும் வெளியூர்க்காரர், இவர்களுக்குக் காப்பகம் பெரிய ஆறுதல். முதலில் நீ போய்ப் பார். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார். அப்புறம் அவரிடம் சொல். வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

‘எல்லாம் பிச்சை மாஃபியா சார்’ என்று ஒரு அண்ணன் சொல்வார், எல்லா டீக்கடையிலும் அவர் இருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதே. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பு.

தங்கச்சி, நீயும் கேள். ராத்திரியில் தனியாகப் போகச் சொல்லவில்லை. சிநேகிதிகள் நாலு பேராகச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள். பிளாட்பாரத்து அம்மாக்கள் ஒரு பையனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். முதல் நாள் எதையும் கொண்டுபோகாதீர்கள். வெறுங்கையோடு போய் உட்காருங்கள். ‘எதுக்கு வந்தீங்க?’ என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். இதற்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர், சந்தேகம் வரத்தானே செய்யும்? ‘சும்மா பேசத்தான் வந்தோம்மா’ என்று சொல்லுங்கள். இரண்டாவது முறை போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மூன்றாவது முறை அவர்களே கவரை எடுத்து உங்கள் கையில் கொடுப்பார்கள், ‘இதுல இன்னா எழுதியிருக்குனு படிச்சு சொல்லு கண்ணு’ என்று.

படித்துச் சொல். என்ன குறைகிறது என்று பார். அந்தக் காகிதங்களை உன் போனில் படம் எடுத்து வை, லாரி அடுத்த தடவை அள்ளிக்கொண்டு போனாலும் நகல் இருக்கும். முகவரி கேட்டுச் சிரித்த அந்த மேசைக்கு அவரோடு நீயும் போ. இன்று இல்லை, நாளை வா என்பார்கள், நாளைக்கும் போ. ‘நீ யாருப்பா இவங்களுக்கு?’ என்று கேட்பார்கள். ‘நானும் இந்த ஊருதான் சார்’ என்று சொல்.

சனிக்கிழமை லீவு, திங்கட்கிழமை கூட்டம் நெரியும். செவ்வாய் காலை போனால் சௌகரியம். படிவம் 6 இணையத்திலேயே கிடைக்கிறது. இரண்டு பிரதி எடுத்துக்கொள், எழுதும்போது ஒன்று வீணாகும். அவர் போட்டோவும் வேண்டும். அதற்கு முதல் நாளே ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போ, தலைவாரிப் பவுடர் போட்டுக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் கொடு.